எதிர்க்கடை

"மத்தியானத்தோடயே கடையைப் பூட்டினா பிஸ்னஸ் நிலைக்குமே?" என்று அலுத்துக்கொண்டே, பூட்டிக்கிடந்த தனுஷியாவின் தையல் கடையை விட்டு, அதே வெள்ளவத்தை ஒழுங்கையில் எதிரே இருந்த சாமினியின் தையல் கடைக்குள் நுழைந்தார் கோமளா.

"இனி என்ர பிளவுஸ் எல்லாம் உங்களிட்டத்தான்."

"வேண்டாம் அக்கா. நாளைக்குக் காலமை அவவிட்டயே குடுங்கோ."

"போட்டிக் கடைக்கு ஏன் ஆள் அனுப்புறீங்கள்?"

சாமினி பதில் சொல்வதற்குள், பூட்டிய கடையின் மேல்மாடி யன்னலில் ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா! சோறு முழுக்கச் சாப்பிட்டிட்டன்!"

சாமினி சிரித்தபடி கையசைத்தாள்.

"உங்கட மகளே? அங்க என்ன செய்யிறா?"

"காலமை என்ர கடையைப் பூட்டிப்போட்டு, ரெண்டு வீட்டுப் பிள்ளையளையும் நான் பாக்கிறன். பின்னேரம் தனுஷியா பாக்கிறா. அவ அங்க பூட்டுறதாலதான் அக்கா, என்ர கடை திறந்திருக்கு."