குலுங்காத ஜீப்

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து இருநூறு. காட்டுப் பாதையில் சவாரி ஓட்டுகிற அவன் ஜீப்புக்கு நான்தான் ஸ்பிரிங் பட்டை கட்டிக் கொடுத்தேன். மெல்லிய பட்டைகளாகப் பொறுக்கி அடுக்கி, எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே டீ சிந்தாதபடி செய்திருந்தேன். பட்டையைக் கடனுக்குத் தந்த இரும்புக் கடைக்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறை.

ஒரு வாரம் கழித்து மச்சினன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

“காசு எங்கே மாப்ளே?”

“எந்த முகத்தோட கேக்குறீங்க மாமா? உங்க வேலையால என் பொழப்பே போச்சு.”

“பட்டை உடைஞ்சிடுச்சா?”

“இல்லை.”

“சத்தம் போடுதா?”

“அதெல்லாம் இல்லை. ஏறினவங்க தூங்கிடுறாங்க!”

“சொகமாத் தூங்கினா நல்லதுதானேடா?”

“ஐயோ மாமா! தூங்கணும்னா வீட்டுலயே தூங்க மாட்டாங்களா? தூக்கிப் போடணும், அலறணும்னுதான் காசு குடுத்து ஏறுறாங்க. நேத்து பாதிப் பணத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

அன்றே தடித்த பட்டைகளாக மாற்றிக் கட்டினேன்.

மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவன், முழுப் பணத்தையும் என் கையில் வைத்தான்.

“ஒருத்தர் வாந்தியே எடுத்துட்டார் மாமா! நாளைக்குக் குடும்பத்தோட வர்றேன்னு இடம் சொல்லி வெச்சிருக்கார்.”