கழற்றி வைத்த சிலுவை

"குறும்படம் எடுக்கிறோம் அங்கிள், ரத்தக்காட்டேரிக் கதை. மொறைச்சுப் பாத்தாலே குலை நடுங்கணும், அதுக்கு நீங்கதான் சரி" என்று பக்கத்து வீட்டுப் பிரசாந்தி சொன்னதிலிருந்து ரபாயேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காட்டேரிக்குச் சிலுவை ஆகாதே! மனைவி மார்ஜரி திட்டத் திட்டக் கழுத்துச் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு, படப்பிடிப்பு நடக்கும் ரிவர்ஸ்டன் மலையின் பனிமூட்டத்தில் பல்லை நறநறவென்று கடித்தபடி போய் நின்றார்.

அங்கே தலையைப் படிய வாரிய அழகான வாலிபன் ஒருவன் நின்றான்.

"இவருதான் ஹீரோவா?" என்று கேட்டார் ரபாயேல்.

"அவன்தான் அங்கிள் காட்டேரி. இப்பல்லாம் காட்டேரி கடிக்கிறதில்ல, காதலிக்குது."

"சிலுவையைக் கண்டா ஓடணுமே?"

"அது பழைய படத்துல. இவன் கழுத்துலயே ஒண்ணு தொங்குது, பாருங்க."

ரபாயேல் தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் யாரு?"

"பொண்ணோட அப்பா. காட்டேரி இன்னமும் பயப்படுறது அவருக்கு மட்டுந்தான்!"