குதிரை கடித்த இடம்

“குதிரை எங்கம்மா கடிச்சது? அதைக் காட்டுங்க.”

வேதாச்சலம் கேட்டதும் கன்னிகா புருஷனைப் பார்த்தாள். மணிவேல் தறியின் சுவிட்சை அணைக்கப் போவதுபோல் திரும்பிக்கொண்டான். தறி காலையிலிருந்தே ஓடவில்லை.

நகரிக்கு வெளியே ஜமீன் காலத்துக் குதிரை லாயம் அது. வரிசையாக எட்டுக் கொட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத் தடுப்புப் பலகை. இப்போது ஆறில் விசைத்தறி, ஏழாவதில் நூல் மூட்டை, எட்டாவதில் அடுப்பும் பாயும். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பழைய கட்டடங்களைப் பார்வையிடத் திருப்பதியிலிருந்து வந்திருக்கும் இந்த அதிகாரி, லாயத்தின் உட்புறம் பழையபடியே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் சாலை வளைந்து போகும். இல்லாவிட்டால் ஜேசிபி வரும்.

“எல்லாப் பலகையிலும் கடிச்சிருக்குது சார்,” என்றாள் கன்னிகா. “இன்னா பசியோ.”

வேதாச்சலம் சிரிக்கவில்லை. முதல் ஆறு கொட்டில்களை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக ஏழாவதுக்குள் போனார். நூல் மூட்டையை நகர்த்திவிட்டுத் தடுப்புப் பலகைமுன் உட்கார்ந்து டேப்பை நீட்டி அளந்தார். பிறகு பலகைக்கு மேலாக ஆறாவது கொட்டிலைப் பார்த்தார்.

“பக்கத்து கொட்டில்ல இந்தப் பலகை தறிய இடிச்சுக்கினு நிக்குதே. நூல் தீர்ந்தா தறி நாடா மாத்தற ஆளு எப்படி நிப்பான்?”

“ஒருக்களிச்சு நிப்போம் சார்,” என்றான் மணிவேல்.

“வருஷக் கணக்கா?”

“பழகிப்போச்சு சார்.”

வேதாச்சலம் கையைப் பலகையின் அடியில் விட்டுத் துழாவினார். “அடியில நம்பர் செதுக்கியிருக்கணும். தெலுங்கு ஏழு. இல்லையே.”

“தேஞ்சிருக்கும் சார்.”

“அடியில இருக்கிறது எதுல உரசித் தேயும்?”

அவர் மேல் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது.

“ஒரே இடைவெளி. ஒரே ஆழம். இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும், பார்டர் போட்ட மாதிரி. இதை நெசவுக்காரங்கதான் கடிச்சிருக்காங்க. குதிரை கடிக்கல.”

“நூல் புடிச்சு அளக்காதேன்னு அப்பவே சொன்னேன்,” என்று கன்னிகா முணுமுணுத்தாள்.

இனி மறைத்துப் பயனில்லை. தறி போட இடம் போதாமல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு எட்டுப் பலகைகளையும் பெயர்த்தவன் மணிவேல்தான். இப்போது நிற்பவை, இடித்த வீடு ஒன்றின் கதவுகளை அறுத்து, போன மாதம் பொருத்தியவை. குதிரைப் பல் தடம் அவன் உளியால் கொத்தியது.

“நிஜமா கடிச்சிருந்தா எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டாள் கன்னிகா. அவளுக்குப் பயத்தைவிட அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

“கட்டிப்போட்ட குதிரைக்குப் பொழுது போவாது. தினம் ஒரே இடத்தைத்தான் கடிக்கும். வலது மூலையில குழி விழுந்துரும். கட்டைவிரல் வெச்சா புதையும். பல்லு பட்டுப் பட்டு ஓரம் வழவழன்னு ஆயிருக்கும்.” சொல்லும்போது அவருடைய கட்டைவிரல் காற்றில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது.

கன்னிகா அந்த விரலையே பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஏழாவது பலகையின் வலது மூலைக் குழியில்தான் அவள் கொண்டை ஊசிகளைப் போட்டு வைப்பாள். மற்ற ஏழு பலகைகளிலும் அப்படிக் குழி கிடையாது.

“நீங்க முன்ன எப்பனா இங்க வந்துக்கிறீங்களா சார்?”

“இல்ல. இதான் முதல் தடவ.”

“அப்புறம் எப்படி இவ்ளோ கரெக்டா சொல்றீங்க?”

“இருபது வருஷ சர்வீசும்மா.”

மணிவேல் முன்னால் வந்தான். “அந்த ஒரிஜினல் பலகைங்க இருந்தா எழுதிக் குடுப்பீங்களா சார்?”

“ஒரு பலகை இருந்தாக்கூட போதும். அதை வெச்சு எழுதலாம். எங்க இருக்குது?”

“திருப்பதியில பழைய மரக்கடைக்குப் போட்டுட்டேன்.”

வேதாச்சலத்தின் பேனா ஒரு கணம் நின்றது. “அப்ப போச்சு. எவன் வீட்டுல ஜன்னலா நிக்குதோ.” உட்புறம் முழுவதும் அழிந்துவிட்டது என்று எழுதி ஃபைலை மூடினார். “நாளைக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன்.”

“டீயாவது குடிச்சுட்டுப் போங்க சார்.”

“பர்வாலேதும்மா, வேணாம்.”

அவர் போன பிறகு மணிவேல் நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். மூட்டையின் பக்கத்தில் அதிகாரியின் டேப் கிடந்தது. கன்னிகா அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

கார் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் இறங்கியிருந்தது. போன் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது.

“அப்பா, ஆசாரி வந்துக்கிறாரு. நம்ம டைனிங் டேபிள் வலது மூலையில குழி இருக்குது இல்ல, அதை இழைச்சு சமமாக்கட்டுமான்னு கேக்கறாரு. அடியில தெலுங்கு ஏழு ஒண்ணு செதுக்கியிருக்குதாம். அதையும் எடுத்துடச் சொல்லவா?”

வேதாச்சலம் நிமிர்ந்தபோது ஜன்னலில் கன்னிகா நின்றிருந்தாள்.

அவள் டேப்பை நீட்டினாள். “இழைக்க வேணான்னு சொல்லுங்க சார். ஒரு பலகை இருந்தாக்கூட போதும்னு நீங்கதான சொன்னீங்க.”