சுண்ணாம்புப் பொட்டு

பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணைப் பெற்ற கோதண்டராமனோ வாசலில் குந்திக்கொண்டு, மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் செயினை விரலால் தடவி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மன்சன்யா நீ! வந்தவங்க மூஞ்சியப் பாக்காம வண்டியாண்ட குந்திகினு கீற?" என்று அவர் மனைவி மரகதம் பல்லைக் கடித்தாள். "பொண்ணுக்கு இருவத்தஞ்சு முடியப்போவுது. இது நாலாவது எடம். இதையும் கலைச்சுடாத."

முந்தைய மூன்று இடங்களையும் கலைத்தது செயின்தான். முதல் பையனுடையது துருவேறி அழுதது. இரண்டாமவனுடையது அறுந்த பூணூல் மாதிரி தொங்கியது. மூன்றாமவன் எண்ணெயைக் குடம் குடமாக ஊற்றியிருந்தான். கல் லாரிகள் கிளப்புகிற ஒரகடம் ரோட்டுத் தூசி மொத்தமும் அதில் களியாக ஒட்டியிருந்தது.

மறைமலை நகர்க் கம்பெனியில் லைன் செயின்களைப் பராமரிப்பதுதான் அவருக்கு வேலை. வாரத்தில் அரை மணி நேரம் செயினுக்கு ஒதுக்காதவன் கட்டியவளுக்கு மட்டும் எங்கே ஒதுக்கப் போகிறான் என்பது அவர் கட்சி. அதை வெளியில் சொல்ல மாட்டார். ஜாதகம் சரியில்லை என்று தரகரிடம் சொல்லிவிடுவார்.

இந்தச் செயின் வேறு மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் துணியால் துடைத்து, அளவாக எண்ணெய் விட்டிருந்தார்கள். கீழே விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தார். சரியாக ஒரு அங்குலம் ஆடியது. சக்கரத்தை மெல்ல உருட்டினார். செயினின் இரு முனைகளையும் இணைக்கிற லாக் வந்த இடத்தில் அவர் கை நின்றது.

லாக்கின்மேல் கடுகளவு சுண்ணாம்புப் பொட்டு.

எங்கே தொடங்கினோம் என்று தெரிந்தால்தான் ஒரு சுற்று முடிந்தது தெரியும். அதற்காக அவரும் தன் வண்டியில் இப்படித்தான் பொட்டு வைப்பார். உலகத்தில் தான் ஒருவன்தான் இதைச் செய்வதாக இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். வெகுநேரம் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குப் பிறக்காமல் போன பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது.

மரகதத்தின் புலம்பல் இன்னும் ஓயவில்லை. "செயினு செயினுன்னு ரேஷன் மண்ணெண்ணெய பாதி நீ ஊத்திடற. ஒரு டம்ளர்தான்னு சத்தியம் வேற பண்ற. பாட்டில்ல ரெண்டு டம்ளர் கொறையுது. உன் பொண்ணும்தான் ஞாயித்துக்கெழம ஆனா பாட்டிலத் தூக்கினு வல்லக்கோட்டை கோயிலுக்கு வெளக்குப் போடப் போறா. வூட்ல நல்லெண்ணெய் ஒரு பொட்டு கொறையுதா? சிக்கனம்னா அது!"

"உள்ள போ, வரேன்" என்றார் அவர்.

உள்ளே தரகர் முனிரத்தினம் வெற்றிலையை மென்றபடி, "கோதண்டராமனுக்குத் தசரதனே மருமவனா வரான், வேற இன்னா வோணும் உங்களுக்கு?" என்று சிரித்தார். மாப்பிள்ளை தசரதன் தலையைக் குனிந்துகொண்டான். மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பெண் அம்சவல்லிக்கும் அதே கம்பெனியில்தான் பேக்கிங் செக்‌ஷனில் வேலை.

அம்சவல்லி காபித் தட்டை நீட்டினாள். தசரதன் நிமிராமல் எடுத்துக்கொண்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அந்த அடக்கமும் கோதண்டராமனுக்குப் பிடித்திருந்தது.

"செயினுக்கு எத்தினி நாளைக்கு ஒருவாட்டி தம்பி?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம தவறாதுங்க."

"இன்னா ஆயில்?"

"தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலுங்க. கீழ் வரிசைல உள்பக்கமா வெக்கணும். சக்கரம் சுத்தறப்ப அதுவே வெளிய வந்துடும். மிச்சத்தத் தொடைச்சிடணும், இல்லன்னா மண்ணு ஒட்டும்." திருக்குறள் ஒப்பிக்கிற பையனைப் போல மூச்சு விடாமல் சொன்னான்.

கோதண்டராமன் கண்ணை மூடிக்கொண்டார். மரகதம் சாமி படத்தைப் பார்த்தாள். கண்ணைத் திறந்தவர், "நல்ல நேரம் இருக்கறப்பவே தட்டு மாத்திக்கலாம்" என்றார்.

தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் தாயார் அம்சவல்லிக்குப் பூ வைத்தாள். மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கோதண்டராமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கே அவருடைய பழைய புல்லட் நின்றது. எண்ணெய்க் கிண்ணத்தையும் கோழி இறகையும் எடுத்துத் தசரதனிடம் நீட்டினார்.

"உங்க கையால நம்ம வண்டிக்கு ஒரு சொட்டு வெச்சு வுடுங்க மாப்ள. ராசியான கை."

தசரதனுக்கு நெற்றி வியர்த்தது. குந்தி உட்கார்ந்தான். இறகை எண்ணெயில் தோய்த்தான். வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தான். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவனாக, சக்கரத்துக் கம்பிகளில் ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தான்.

கோதண்டராமன் கம்பிகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். தரகர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

தலை நிறையப் பூவோடு அம்சவல்லி படியிறங்கி வந்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தசரதனின் கையிலிருந்து இறகை வாங்கினாள்.

"அவர வுடுப்பா. ரெண்டு வருசமா அவரு வண்டிச் செயினுக்கும் நான்தான் எண்ணெ போட்டுகினு வரேன்."