தொண்ணூற்றைந்து

மருத்துவர் கை, தோள், முழங்கால் என அவளுடைய இருபத்தெட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எங்கும் வலி இல்லை, வீக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருந்தது. ஆனால் இந்த முறை புதிதாக அவளிடம் நிரப்பக் கொடுத்த தாளைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"முடக்குவாதம் எப்படி இருக்குன்னு நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா, தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கீங்க. இதையும் சேர்த்தா நோய் அடங்கலன்னுதான் கணக்கு வருது. மாத்திரையைக் குறைக்க முடியாதும்மா."

பக்கத்தில் இருந்த கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த மாத்திரையால் வரும் குமட்டலோடு அவள் படும் பாடு அவருக்குத் தெரியும். "வலியை என்கிட்டகூட மறைச்சிட்டியா?"

"எதை மறைச்சேன்? இன்னிக்கு உங்க சட்டைக்குப் பொத்தான் தைச்சதே நான்தானே!"

"பின்ன ஏன் தொண்ணூத்தஞ்சு?"

"அவ்வளவு நல்லா இருக்கு, அதான். முப்பது வருஷமா கணக்கு டீச்சர், யாருக்கும் முழு மார்க் போட்டுப் பழக்கமில்ல."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சர், இது வலிக்குப் போடற மார்க். கூடினா ஆபத்து!"

புதுத் தாளில் அவள் கூச்சத்தோடு ஐந்து என்று குறித்தாள். மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

கணவர் பெருமூச்சு விட்டார். "நம்ம வீட்டுல ஃபெயிலானதுக்குச் சந்தோஷப்படறது இதான் முதல் தடவை."