போறேன் என்று ஒரு சொல்

சேமிப்பு முழுவதையும் நஞ்சுண்டன் ஒரே பம்ப் கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார். மனைவி சுகந்தி அங்கேதான் தலைமை வடிவமைப்பாளர். வைத்திருக்கலாமா, விற்கலாமா என்று இரண்டு இலவச ஆய்வுச் செயலிகளைக் கேட்டாயிற்று. மூன்றாவதும் அதையேதான் சொன்னது.

"வித்துருங்க."

"காரணத்தைச் சொல்லித் தொலை."

"உங்க சம்சாரம் வேலையை விடறாங்க. காலையில வாசல்ல 'போறேன்'னாங்க. 'போய்ட்டு வர்றேன்'னு சொல்லலைங்க."

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று, வீட்டுப் பேச்சைக் கேட்க மூன்றுக்கும் அவரேதான் அனுமதி கொடுத்திருந்தார்.

"அட கிரகமே, அது எம்மேல கோபம். உப்புமாவைக் குறை சொன்னேன்."

"குடும்பத்துலயும் சிக்கலா? சேர்த்துக்கறேங்க."

"சேர்க்காதே. எல்லாத்தையும் அழி."

"கணிப்பு எங்க செயலி வெச்சிருக்கற ஊருக்கே போயிருச்சுங்களே."

அதற்குள் சுகந்தியின் அழைப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க, நான் வேலையை விடறேன்னு யாருகிட்டச் சொன்னீங்க? பங்கு விலை விழுந்துருச்சாம். முதலாளி என் நாற்காலியில வேற ஆளை உட்கார வெச்சுட்டாரு."

"நான் வாயே திறக்கலை, சுகந்தி."

"காலையில திறந்தீங்களே, அது போதாதா? நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டேங்கறாரு. பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."

அழைப்பு அறுந்தது. நஞ்சுண்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"பாருங்க, சொன்னபடியே வேலையை விட்டுட்டாங்க" என்றது செயலி. "நாங்க மூணு பேருமே சரியாக் கணிச்சோம்னு நாலு பேருக்குச் சொல்லுங்க."