கப்பலில் வந்த கட்டில்

பெட்டி வாசல் கதவுக்குள் நுழையவில்லை.

நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்கப்போட்டுப் பார்த்தார்கள், சாய்த்தும் பார்த்தார்கள். கடைசியில் இறக்க வந்த இரண்டு பேரில் மூத்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வெளியிலேயே பிரித்துக் கட்டிலைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம் என்றார்.

"வந்துருச்சாடி?" என்று உள்ளறையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

வந்துவிட்டது என்றாள். கதவுதான் சின்னது.

முதுகெலும்பில் கட்டி வந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனதிலிருந்து அவன் அந்த அறையை விட்டு வெளியே வந்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலேயும் கீழேயும் கொண்டுபோனவன். இப்போது அவனை அரை அடி தூக்கிச் சாய்த்து உட்காரவைக்க, அவள் கக்கத்தில் கைகொடுத்து மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் அவளுடைய வலது தோள் எப்போதோ போய்விட்டது.

பொத்தானை அமுக்கினால் தலைமாடு தானாக எழும்புகிற கட்டில். கொழுந்தன் அனுப்பியது. கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவன், அங்கே ஓர் ஆஸ்பத்திரி கழித்துக் கட்டியதைச் சல்லிசாகப் பிடித்திருந்தான்.

விமானத்தில் போட்டால் ஒரு வாரம். கப்பலில் மூன்று மாதம். "ப்ளேன்ல போட்டா கட்டில் விலையை விட நாலு மடங்கு கேக்கறான் அண்ணி" என்று ஃபோனில் விளக்கினான். கப்பலில் எடையைப் பார்ப்பதில்லையாம், பெட்டி அடைக்கிற இடத்துக்குத்தான் காசாம். அதனால் காலைக் கழற்றி, கம்பிகளை மடக்கிப் பெட்டியைப் பாதியாகக் குறுக்கிவிட்டான். வேறு நாலு பேர் சாமானோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றிவிட்டான். துளி இடத்தை வீணாக்கவில்லை, இடுக்கிலெல்லாம் எதையாவது வைத்து அடைத்திருக்கிறான்.

வீடுவரை கொண்டுவந்து கொடுக்கத் தனிக் கட்டணம் என்பதால் அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டான். அவள்தான் கணவனைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் துறைமுகக் கிடங்கில் கால்கடுக்க நின்று, வண்டி பேசிக் கொண்டுவந்தாள்.

அதிலெல்லாம் அவளுக்கு வருத்தமில்லை. ஸ்கேன் வந்த அன்று டாக்டரிடம் பேசியதும் கொழுந்தன்தான். டாக்டர் சொல்வது உங்களுக்குப் புரியாது என்று அவனே லைனில் வந்து வெகுநேரம் பேசினான். பேசி முடித்து, தைரியமாக இருங்கள் அண்ணி என்றான். அடுத்த வாரமே கட்டில் பேச்சை எடுத்தான். கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கணவன் தினமும் கண் விழித்ததும் செல்ஃபோனில் கப்பலைத் தேடுவான். கடல் நடுவில் ஒரு நீலப் புள்ளி. நேற்றைக்கு இன்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பான். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவான். கட்டில் வந்ததும் தானே எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் டாக்டர் ஒவ்வொரு தடவையும் சற்றே ஆச்சரியப்பட்டார். என்ன ஆச்சரியம் என்று அவள் கேட்டதில்லை.

ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டதும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னென்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னான். சொன்னாள். மோட்டார். சக்கரங்கள். மெத்தைச் சுருளுக்குள் துவாலைகள். மோட்டாரைச் சுற்றிச் சோப்புக் கட்டிகள். குழாய்க் கம்பிகளுக்குள்ளேகூடப் பேனாக்களைச் செருகியிருந்தான் கொழுந்தன்.

"கட்டில் கேட்டா கடையையே அனுப்பியிருக்கான் கணக்கப்பிள்ளை!"

சின்ன வயதிலேயே தம்பிக்கு அவன் வைத்த பெயர் அது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கடைசியாக, தலைமாட்டுப் பலகையை ஒட்டித் தட்டையாக ஒன்று. பழைய போர்வையில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு சுற்று டேப். மூத்தவர் கத்தியால் கீறிக் கொடுத்தார்.

படம். கண்ணாடி போட்டுக் கறுப்புச் சட்டம் அடித்த பெரிய படம். கணவன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் கடற்கரையில் எடுத்தது. பக்கத்தில் நின்ற அவளை வெட்டி எடுத்திருந்தார்கள். அவன் தோளில் அவளுடைய நாலு விரல்கள் மட்டும் மிச்சம்.

அடியில் தங்க எழுத்தில் அவன் பெயர். அதன்கீழ் பிறந்த தேதி. தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்பால் எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் கட்டிய பெட்டி.

டாக்டர் அன்று ஃபோனில் எத்தனை மாதம் என்று சொல்லியிருப்பார் என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது. படத்தைத் தனியாக அனுப்பினால் தனிக் காசு.

மூத்தவர் படத்தைப் பார்த்தார். உள்ளறைப் பக்கம் பார்த்தார். கையிலிருந்த கத்தியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"என்னடி, பேச்சையே காணோம்? என்ன அது?"

"கண்ணாடி" என்றாள். வாயில் வந்தது அதுதான்.

உள்ளே பழைய கட்டில் கிறீச்சிட்டது. அவன் தலையைத் தூக்கப் பார்க்கிறான்.

"நல்லதாப் போச்சு. மூஞ்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு! இங்க கொண்டா."